டேம், பிரின்சிபல், அசொலூட்டா: மார்கோ ஃபான்டெய்ன் வழியே பாலே பட்டங்களைப் புரிந்துகொள்வோம்

பாலே பார்த்திராதவர்கள்கூட மார்கோ ஃபான்டெய்ன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிகப் பெரிய பாலே கலைஞர் அவர். அவரைப் பற்றித் தேடிப் படித்தால் ஓரிடத்தில் ‘டேம் மார்கோ’ என்றிருக்கும். இன்னோரிடத்தில் ‘பிரைமா பாலெரினா அசொலூட்டா’ என்றிருக்கும். வேறோரிடத்தில் ராயல் பாலே என்ற லண்டன் குழுவின் ‘கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்’ என்று போட்டிருக்கும். புதிதாகப் படிப்பவருக்கு இவற்றில் எது வேலை, எது பட்டம், எது அரசாங்க விருது என்ற குழப்பம் வருவது இயல்பு. மூன்றும் தனித்தனி. கொடுப்பவர் வேறு, கிடைக்கும் காலம் வேறு, அதனால் கைக்கு வரும் காசும் வேறு. இந்தக் காசு விஷயத்தைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். ஃபான்டெய்ன் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

முதலில் வேலை.

பரதநாட்டியக் கச்சேரியில் ஒருவரே மேடையேறி அலாரிப்பிலிருந்து தில்லானா வரை ஆடிவிடலாம். பாலே அப்படி இயங்குவதில்லை. அது ஒரு நிறுவனம். மாதச் சம்பளம், ஒப்பந்தம், தினமும் காலையில் வகுப்பு, பதவி உயர்வு எல்லாம் உண்டு. பள்ளியிலிருந்து வரும் பெண் முதலில் சேர்வது ‘கோர் த பாலே’ என்ற கூட்டத்தில். அன்னங்களாக, பனித்துகள்களாக, கிராமத்துப் பெண்களாக வரிசை கட்டி ஆடுபவர்கள் இவர்கள். கடைநிலை என்பதால் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். ‘ஸ்வான் லேக்’கில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே கோணத்தில் கழுத்தைச் சாய்த்து அசையாமல் நிற்கும்போது, ஒருத்தியின் கை நான்கு விரற்கடை தாழ்ந்தாலும் மேல் மாடியில் கடைசி இருக்கையில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

அதற்கு மேலே சிறு தனி ஆட்டம் ஆடுபவர்கள், அதற்கு மேலே சோலோயிஸ்ட், உச்சியில் பிரின்சிபல். லண்டன் ராயல் பாலேயில் இன்று ஆர்ட்டிஸ்ட், ஃபர்ஸ்ட் ஆர்ட்டிஸ்ட், சோலோயிஸ்ட், ஃபர்ஸ்ட் சோலோயிஸ்ட், பிரின்சிபல் என்று ஐந்து படிகள். பாரிஸ் ஆப்பராவிலும் ஐந்துதான். அங்கே உச்சிப் படிக்கு ‘எத்துவால்’, அதாவது நட்சத்திரம், என்று பெயர். காட்சி முடிந்து திரை விழுந்ததும் இயக்குநர் மேடைக்கே வந்து, பார்வையாளர்கள் முன்னால் “இன்று முதல் இவர் எத்துவால்” என்று அறிவிப்பது அவர்கள் வழக்கம். கொஞ்சம் நாடகத்தனம்தான். ஆனால் நாடகக் கொட்டகையில் அது பொருந்தத்தானே செய்யும்!

ஆக, பிரின்சிபல் என்பது ஒரு பதவி. அதற்குச் சம்பளம் உண்டு, அதை ராஜினாமா செய்யலாம். ஃபான்டெய்ன் இந்த ஏணியில் ஏறிய கதை சற்று விசித்திரமானது. அவர் ஏறிய காலத்தில் ஏணியே முழுதாகக் கட்டப்பட்டிருக்கவில்லை.

அவர் 1919 மே 18 அன்று இங்கிலாந்தின் ரைகேட் நகரில் பிறந்தார். இயற்பெயர் மார்கரெட் ஹூக்கம், வீட்டில் பெக்கி. அப்பா பொறியாளர். அவருக்குச் சீனாவில் வேலை கிடைக்கவே குடும்பமும் அங்கே போனது. ஷாங்காயில் புரட்சிக்குத் தப்பி வந்த ரஷ்யர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜி கோன்சரோவிடம் பெக்கி பாலே பயின்றாள். மகளிடம் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்த அம்மா அவளை லண்டனுக்கு அழைத்து வந்தார். அங்கே நினெட் த வால்வா என்ற அயர்லாந்துப் பெண்மணி விக்-வெல்ஸ் பாலே என்ற சிறிய குழுவைக் கட்டிக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக்கென்று ஒரு பாலே மரபே அதுவரை இருக்கவில்லை. பாலே என்றால் ரஷ்யா, பிரான்ஸ், இத்தாலி. அந்தக் குழுதான் பின்னர் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே ஆகி, 1956இல் அரச சாசனம் பெற்று ராயல் பாலே ஆனது. பெயர் மூன்று, குழு ஒன்று.

1934இல் ‘நட்கிராக்கர்’ பாலேயில் பனித்துகள்களில் ஒருத்தியாக மேடையேறினாள் பெக்கி. பிறகு அம்மா வழிக் குடும்பப் பெயரான ஃபோன்டெஸைக் கொஞ்சம் திருத்தி மார்கோ ஃபான்டெய்ன் ஆனாள். அடுத்த ஆண்டே குழுவின் நட்சத்திரமான அலிசியா மார்கோவா விலகிச் சென்றார். அவர் இடத்தை உடனே ஒருவரால் நிரப்ப முடியவில்லை. வேடங்களைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அவற்றில் ஒவ்வொன்றாக ஃபான்டெய்ன் கைக்கு வந்து சேர்ந்தன. 20 வயது நிறைவதற்குள் ‘ஜிசெல்’ பாலேயின் ஜிசெல், ‘ஸ்வான் லேக்’கின் ஒடெட்-ஒடீல், ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் இளவரசி ஆரோரா ஆகிய மூன்று நாயகி வேடங்களையும் ஆடிவிட்டார். பெரிய குழுக்களில் இவற்றில் ஒன்றுக்கே பத்து வருடம் காத்திருப்பவர்கள் உண்டு.

அவர் தொழில்நுட்பத்தில் எல்லாரையும் மிஞ்சியவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒற்றைக் காலில் நின்றபடி மற்றக் காலைச் சாட்டை போல வீசி 32 முறை சுழலும் ஃபுவெட்டே அவருடைய பலம் இல்லை. அவர் பாதங்களும், விரல் நுனியில் நின்று ஆட அணியும் பாயிண்ட் ஷூவுக்கென்றே பிறந்த பாதங்கள் அல்ல. பாயிண்ட் ஷூ என்றதும் உள்ளே மரக்கட்டை இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் மரம் கிடையாது. துணியையும் தாளையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காய வைத்த கூடு ஒன்று விரல்களைச் சுற்றியிருக்கும், பாதத்துக்கு அடியில் விறைப்பான ஒரு தகடு, வெளியே சாட்டின் துணி. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கணுக்காலின் வேலை.

ஃபான்டெய்னிடம் இருந்தது வேறு. உடலின் அளவுகள் ஒன்றோடொன்று இசைந்திருந்தன. கை, கழுத்து, கால் எதுவும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. இசையை அவர் கேட்ட விதமும் தனி. நடன அமைப்பாளர் ஃபிரெடரிக் ஆஷ்டன் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவரை மனதில் வைத்தே படைப்புகள் செய்தார்: ‘சிம்ஃபானிக் வேரியேஷன்ஸ்’ (1946), ‘டாஃப்னிஸ் அண்ட் க்ளோயி’ (1951), ‘சில்வியா’ (1952), ‘ஆண்டீன்’ (1958). காலைக் காதுவரை தூக்கிக் கைத்தட்டல் வாங்குவதைத் தவிர்க்கும் அடக்கமான ஆட்டத்தை ‘இங்கிலீஷ் ஸ்டைல்’ என்கிறார்களே, அதன் பெரும்பகுதி இந்த ஒரு பெண்ணின் உடல்வாகிலிருந்து வந்தது. என் பார்வையில், எந்தப் பட்டத்தையும்விடப் பெரிய மரியாதை அதுதான்.

போர்க்காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1940 மே மாதம் குழு ஹாலந்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்தது. உடுப்பு, மேடைத் திரை, இசைச் சுவடிகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு சரக்குக் கப்பலில் இங்கிலாந்துக்குத் தப்பினார்கள். ஆஷ்டனின் ‘ஹாரஸ்கோப்’ என்ற படைப்பின் வாத்தியக் குழுச் சுவடிகள் அங்கேயே போயின; அந்தப் பாலேயும் அதோடு மறைந்தது. பிறகு போர் முடியும்வரை ஆண் கலைஞர்கள் ராணுவத்துக்குப் போய்விட, ரேஷன் சாப்பாட்டில், ஒரே நாளில் பல காட்சிகள் ஆடியது இந்தக் குழு. பாலே என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற நினைப்பு மாறி, இங்கிலாந்தின் சாதாரண மக்களிடம் அது போய்ச் சேர்ந்தது அந்த வருடங்களில்தான்.

1946 பிப்ரவரி 20. போர்க்காலத்தில் பொதுமக்கள் ஜோடி நடனமாடும் கூடமாக மாறியிருந்த லண்டன் கோவென்ட் கார்டன் ராயல் ஆப்பரா ஹவுஸ் மீண்டும் திறக்கப்பட்டது. மன்னர் ஆறாம் ஜார்ஜ் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆடியது ‘ஸ்லீப்பிங் பியூட்டி’; ஆரோராவாக ஃபான்டெய்ன்.

இந்த வேடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அவருக்கு வந்த புகழ் எதற்காக என்று புரியும். முதல் அங்கத்தில் இளவரசிக்குப் பதினாறாவது பிறந்தநாள். மேடைக்கு ஓடி வந்த சில நிமிடங்களிலேயே, உடல் இன்னும் முழுதாகச் சூடேறாத நேரத்தில், ‘ரோஸ் அடாஜியோ’ தொடங்கிவிடும். நான்கு இளவரசர்கள் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆரோரா ஒரு காலின் நுனியில் நின்று, மற்றக் காலைப் பின்னால் மடக்கித் தூக்கிக்கொண்டு, முதல் இளவரசனின் கையைப் பிடிக்கிறாள். விடுகிறாள். கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, பிடிமானம் இல்லாமல் நிற்கிறாள். பிறகு இரண்டாமவனின் கை. மறுபடி விடுகிறாள். கால் தரையில் இறங்கவே கூடாது. முகத்திலோ பதினாறு வயதுப் பெண்ணின் கூச்சமும் குதூகலமும் இருக்க வேண்டும். கீழே கணுக்கால் நடுங்குவது மேலே முகத்தில் தெரிந்தால் வேடம் போயிற்று. ஆட்டக்காரர்களுக்கு மிகவும் பயம் தருகிற பகுதிகளில் இது ஒன்று.

1949 அக்டோபர் 9 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸில் இதே வேடம். முழுநீள ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ அமெரிக்கர்களுக்கு அநேகமாகப் புதிது. இங்கிலாந்துக் குழு அவர்களுக்கு அதைவிடப் புதிது. ஒரே இரவில் குழுவும் ஃபான்டெய்னும் உலகப் புகழ் பெற்றார்கள். அடுத்த மாதம் ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது.

இனி அரசு விருதுகள். பிரிட்டனில் அரசு கௌரவங்களுக்கும் ஒரு படிவரிசை உண்டு. 1951இல் ஃபான்டெய்னுக்கு சி.பி.இ. (பிரிட்டிஷ் பேரரசு விருதின் ‘கமாண்டர்’ நிலை) கிடைத்தது. 1956 புத்தாண்டுப் பட்டியலில் அதற்கு அடுத்த படியான டி.பி.இ. (‘டேம் கமாண்டர்’). ஆண்களுக்கு ‘சர்’ போல, பெண்களுக்கு ‘டேம்’. அப்போது அவருக்கு வயது 36. மேடையில் இன்னும் முழு வீச்சில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர், ஒரு பக்கம் இளவரசி ஆரோரா, இன்னொரு பக்கம் டேம் மார்கோ! இந்தப் பட்டத்தைக் கொடுப்பது நாடு. குழுவுக்குள் அவர் என்ன பதவியில் இருக்கிறார் என்பதோடு இதற்கு நேரடித் தொடர்பு கிடையாது. சம்பளமும் கிடையாது.

இதோடு பொறுப்புகளும் வந்தன. நடன ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் மாணவர்களுக்குத் தேர்வும் நடத்தும் ராயல் அகாடமி ஆஃப் டான்சிங்குக்கு 1954இல் தலைவரானார். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். 1981இல் டர்ஹம் பல்கலைக்கழகம் அவரை வேந்தராக்கியது. அவர் பெயரில் அங்கே ஒரு நடனக்கூடம்கூட உண்டு.

1959இல் ஃபான்டெய்ன் ராயல் பாலேயின் நிரந்தர ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். அதன்பின் அவர் ‘கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்’, அதாவது விருந்தினர் கலைஞர். பெயரைக் கேட்டால் ஏதோ ஓரமாக ஒதுக்கப்பட்டவர் போலத் தோன்றும். நடைமுறையில் நேர்மாறு: எங்கே வேண்டுமானாலும் போய் ஆடலாம், கூலியைத் தானே பேசிக்கொள்ளலாம். உலகம் இன்று நினைவில் வைத்திருக்கும் ஃபான்டெய்ன் பெரும்பாலும் இந்தப் பதவியில்லாத காலத்து ஃபான்டெய்ன்தான்.

அதே ஆண்டு இன்னொரு கூத்தும் நடந்தது. 1955இல் அவர் ரொபெர்ட்டோ அரியாஸ் என்ற பனாமா நாட்டுத் தூதரை மணந்திருந்தார். 1959 ஏப்ரலில் அரியாஸ் தன் நாட்டு அரசைக் கவிழ்க்க முயன்றார். முயற்சி தோற்றது, அவர் தப்பினார், மனைவி மாட்டிக்கொண்டார். பனாமா சிறையில் ஓர் இரவு இருந்த பிறகு டேம் மார்கோ நாடு கடத்தப்பட்டார். பாலே வரலாற்றில் இப்படியொரு அத்தியாயம் வேறு யாருக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலான பாலே கலைஞர்கள் விடைபெற்றுவிடுவார்கள். ஃபான்டெய்ன் விஷயத்திலும் எல்லாரும் அதையே எதிர்பார்த்தார்கள். 1961 ஜூனில் ருடால்ஃப் நூரியேவ் என்ற சோவியத் இளைஞர் பாரிஸ் விமான நிலையத்தில் தன் குழுவை விட்டு ஓடி மேற்கில் தஞ்சம் புகுந்தார். 1962 பிப்ரவரி 21 அன்று கோவென்ட் கார்டனில் இருவரும் ‘ஜிசெல்’ ஆடினார்கள். அவருக்கு 42, இவருக்கு 23. தன் மகன் வயதுப் பையனோடு ஆடினால் ஊர் சிரிக்குமோ என்ற தயக்கம் ஃபான்டெய்னுக்கு இருந்தது. ஊர் சிரிக்கவில்லை, டிக்கெட்டுக்கு இரவெல்லாம் வரிசையில் நின்றது. அடுத்த ஆண்டு இந்த இருவருக்காகவே ஆஷ்டன் ‘மார்கரிட் அண்ட் அர்மான்’ அமைத்தார். இருவரும் உயிரோடு இருந்தவரை அதை வேறு எவரும் ஆடவில்லை. 1964இல் வியன்னாவில் ‘ஸ்வான் லேக்’ முடிந்தபின் இந்த ஜோடியைப் பார்வையாளர்கள் 89 முறை திரைக்கு முன்னால் அழைத்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற எண்ணிக்கை அது.

அவர் தொடர்ந்து ஆடியதற்குக் கலைத்தாகம் மட்டும் காரணமில்லை. 1964 ஜூனில் பனாமாவில் அரசியல் சகா ஒருவர் அரியாஸைத் துப்பாக்கியால் சுட்டார். உயிர் தப்பியது, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன்பின் கால் நூற்றாண்டு அவருக்கு இரவும் பகலும் ஆள் தேவைப்பட்டது. மருத்துவச் செலவுக்குப் பணம் ஆட்டத்திலிருந்து வர வேண்டும். காலில் வலியோடு, ஊர் ஊராக, ஐம்பது வயதைத் தாண்டியும் ஃபான்டெய்ன் ஆடினார். ‘டேம்’ என்ற பட்டத்தை வைத்து நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நடன அமைப்பாளர் கென்னத் மேக்மில்லன் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டை லின் சீமோர், கிறிஸ்டோபர் கேபிள் என்ற இளம் ஜோடியை ஆட வைத்துத்தான் உருவாக்கினார். 1965 பிப்ரவரி 9 அன்று முதல் காட்சியில் ஆடியவர்களோ ஃபான்டெய்னும் நூரியேவும். அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பெரிய பெயர்கள் வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு அது. அன்றிரவு கரவொலி 40 நிமிடம் நீடித்தது. சீமோருக்கு அது என்ன மாதிரி இரவாக இருந்திருக்கும் என்பதைக் கைத்தட்டியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. ஒருவரின் நட்சத்திர மதிப்பு எவ்வளவு நீண்ட காலம் மேடையை ஆள்கிறதோ, அவ்வளவு காலம் கீழே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, ‘பிரைமா பாலெரினா அசொலூட்டா’. பிரைமா பாலெரினா என்றால் முதன்மை நடனக்காரி. அசொலூட்டா அதற்கும் மேலே, ஈடு இணையற்றவர் என்று முத்திரை குத்துவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசின் நாடக அரங்குகளில் புழங்கத் தொடங்கிய பட்டம். இத்தாலியிலிருந்து அங்கே போன பியெரினா லெஞ்ஞானி அதை முதலில் பெற்றவர். 1893இல் ‘சிண்ட்ரெல்லா’விலும், 1895இல் ‘ஸ்வான் லேக்’கிலும் 32 ஃபுவெட்டே சுழன்று பீட்டர்ஸ்பர்க்கை வாய்பிளக்க வைத்தவர் இவர்தான். அவருக்குப் பின் மத்தில்ட ஷெசின்ஸ்கா. பிற்காலத்தில் சோவியத் நாட்டின் மாயா பிளிசெட்ஸ்காயா, கியூபாவின் அலிசியா அலொன்சோ போன்றோரின் பெயரோடும் இது ஒட்டிக்கொண்டது.

இதை வழங்க உலகளாவிய அமைப்பு ஒன்றும் இல்லை. தேர்வு கிடையாது, நடுவர் குழு கிடையாது, ஆண்டுதோறும் யாருக்காவது தர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒரு பாலே குழுவோ அரசோ மனம் வைத்தால் உண்டு. அதனால்தான் இதை வாங்கியவர்களின் பட்டியல் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஏணியின் உச்சிப் படி என்று இதை நினைத்துவிடுவார்கள். ஏணியிலேயே இல்லாத ஒன்று இது. ஃபான்டெய்னுக்கு ராயல் பாலே இந்தப் பட்டத்தை அறிவித்தது 1979இல், அவருடைய 60ஆவது பிறந்தநாள் கொண்டாட்டத்தின்போது. கோவென்ட் கார்டனில் நடந்த அந்த விழாவில், அப்போது எழுபதைக் கடந்திருந்த ஆஷ்டன் தானே அமைத்த ஒரு சிறு நடனத்தில் அவரோடு கைகோத்து ஆடினார். முதல் பெரிய வெற்றிக்கும் இந்தப் பட்டத்துக்கும் இடையில் முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஆட வேண்டியதை எல்லாம் ஆடி முடித்தவருக்குத்தான் அது வந்தது.

பிறகு கணவரோடு பனாமாவில் ஒரு மாட்டுப் பண்ணையில் வாழ்ந்தார். ஓய்வூதியம் இல்லை, சேமிப்பு கணவரின் சிகிச்சையில் கரைந்திருந்தது. 1989இல் அரியாஸ் இறந்தார். ஃபான்டெய்னுக்கே அப்போது புற்றுநோய். 1990 மே 30 அன்று அவருக்கு நிதி திரட்ட கோவென்ட் கார்டனில் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நடத்தினார்கள். சில்வி கிய்யெம் ஜூலியட் ஆட, ஒரு காலத்தில் ரோமியோவாக ஆடிய நூரியேவ் ரோமியோவின் நண்பன் மெர்கூஷியோ வேடத்தில் வந்தார். 2,50,000 பவுண்ட் சேர்ந்தது. 1991 பிப்ரவரி 21 அன்று பனாமாவில் ஃபான்டெய்ன் காலமானார். நூரியேவோடு முதன்முதலில் ‘ஜிசெல்’ ஆடி அன்றோடு சரியாக 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் ஆட்டத்தைப் பார்க்க விரும்புபவர்கள் 1966இல் படமாக்கப்பட்ட ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டிலிருந்து தொடங்கலாம். கதை எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் பாலே பழகாத கண்ணுக்கும் சிரமம் இருக்காது. நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஒரு பெண் பதினான்கு வயது நிறையாத சிறுமியாக ஓடி வருவதை முதலில் பாருங்கள். சுழற்சிகளை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம். அது பிடித்திருந்தால் 1960இல் வெளிவந்த ‘தி ராயல் பாலே’ என்ற படம். அதில் ‘ஆண்டீன்’ இருக்கிறது. முதன்முதலாகத் தன் நிழலைக் கண்டு அதோடு விளையாடும் நீர்த்தேவதையின் நடனம் வரும். ஆஷ்டன் ஏன் இவரை விட்டு நகரவே இல்லை என்பதற்கு அந்தச் சில நிமிடங்களைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.